504019-க்குள் இரண்டு எட்டு

பேருந்தில் ஏறியதும் அப்பா இடம் தேட மாட்டார். டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அன்று காலையும் அதைத்தான் செய்தார். வேலைக்குப் போக வழக்கமாக நான் தனியாக ஏறும் மலைப் பேருந்தில், வடக்கனந்தல் நிறுத்தத்தில், என்னோடு அவரும் ஏறினார். சலவை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. பார்க்கிறவர்கள் கல்யாணத்துக்குப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் ஒரு கல்யாணத்தை நிறுத்தத்தான் போய்க்கொண்டிருந்தார். அது என்னுடைய கல்யாணம்.

"கரியாலூரு ரெண்டு குடுங்க தம்பி," என்றார்.

அந்தத் தம்பியின் பெயர் தனசேகர். அந்த வண்டியின் கண்டக்டர். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர் அவர்தான். அப்பா அவரை அன்றுதான் முதன்முதலில் நேரில் பார்க்கிறார்.

தனசேகர் கையிலிருந்த டிக்கெட் கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் கட்டைப் பார்த்தார். கிழிக்கவே இல்லை.

"இன்னா தம்பி, சில்லறையா வேணுமா?"

"இல்லீங்க," என்று இரண்டையும் கிழித்துக் கொடுத்தார். அப்பா மேலே இருந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டு, அடியில் இருந்ததை என்னிடம் தந்தார். தன் டிக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அஞ்சும் நாலும் ஒம்போது. ஒன்னு, பத்து. ஒம்போது, பத்தொம்போது. அதக் கூட்டுனா பத்து. பத்துன்னா ஒன்னு." முகம் மலர்ந்துவிட்டது. "ஒன்னாம் நம்பருமா. போற காரியம் நல்லபடியா முடியும்."

மகள் ஆசையில் மண்ணைப் போடப் போகிறவருக்கு ராசியான எண் ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் தோளுக்கு மேலே எட்டி அந்த எண்ணைப் பார்த்துவிட்டேன். 504019. பார்த்ததும் பழக்கதோஷத்தில் நானும் என் வேலையை ஆரம்பித்தேன். மூன்றால் போகாது. ஏழால் போகாது. பதினொன்றால் போகாது.

அப்பாவும் எட்டும்

எங்களுக்குக் கரும்பும் மரவள்ளியும்தான் பிழைப்பு. அப்பா நல்ல விவசாயி. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே தண்ணீர் விடலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஓர் எண்ணைக் கண்டால் அந்த நிதானம் எல்லாம் பறந்துவிடும்.

டிராக்டர் வாங்கியபோது வந்த நம்பரின் கூட்டுத்தொகை பிடிக்காமல், வேறு நம்பருக்காக வண்டியை விற்பனைக் கடையிலேயே காக்க வைத்தார். அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கொடுத்த கட்டில் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக் கெஞ்சி, அம்மாவைப் பதினெட்டுக்கு மாற்றிவிட்டார். நர்ஸ் வந்து தப்பான ஆளுக்கு ஊசி போடப் போய், பெரிய கலவரம்.

எட்டு மட்டும் ஆகாது. சனியின் எண் என்பார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் அப்படி நம்புகிறார்கள். ஆனால் அப்பாவின் பயம் ஊரோடு ஒத்துப்போன பயம் அல்ல. அதற்கு ஒரு முகம் இருந்தது. என் பெரியப்பாவின் முகம்.

பெரியப்பா பிறந்தது ஒரு இருபத்தாறாம் தேதி. இரண்டும் ஆறும் எட்டு. அண்ணன் நடந்தே கழனிக்குப் போகிறானே என்று அப்பாதான் ஆசை ஆசையாக ஒரு மோட்டார் பைக் வாங்கிக் கொடுத்தார். ஒரு மழைச் சாயங்காலம், கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் வழியில், சாலையோரம் நின்றிருந்த கரும்பு டிரெய்லரில் மோதிப் பெரியப்பா போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர் வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். "ஆளும் எட்டு, வண்டியும் எட்டு. ரெண்டு எட்டு சேந்தா வுடுமா?" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஆளின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் அப்பாவின் நெஞ்சில் தங்கிவிட்டது. அதுவரை அப்பா எந்த எண்ணையும் கூட்டிப் பார்த்தவர் இல்லையாம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் பிறந்தது பதினேழாம் தேதி. ஆக வீட்டில் ஏற்கெனவே ஓர் எட்டு. பெரியப்பா போன பிறகு அப்பா என்னை வளர்த்ததைவிடக் காவல் காத்தது அதிகம். சைக்கிள் கிடையாது. ஏரிக்கரைப் பக்கம் போகக் கூடாது. "ஒரு எட்டுன்னா எப்பிடியோ சமாளிச்சிக்கலாம். ரெண்டாவது எட்டு சேரக்கூடாது." இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

தனசேகர் பிறந்தது இருபத்தாறாம் தேதி.

வாந்திக்கு மருந்து

மலைக் கிளை அஞ்சலகத்தில் நான் போஸ்ட்மாஸ்டராக இருந்த கதையைப் போன வாரம் இதே பகுதியில் படித்த ஒரு வாசகி, "தினமும் அத்தனை வளைவுகளில் ஏறி இறங்கினீர்களே, குமட்டவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். குமட்டாமல் என்ன அம்மா. முதல் வாரம் முழுவதும் கோமுகி அணையைத் தாண்டியதும் ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை போட்டவள் நான்.

எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், இஞ்சி எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, டிக்கெட்டில் பார்த்த எண்ணை மனத்துக்குள்ளேயே வகுத்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் கணிதம் படித்தவள். அந்தப் படிப்புக்கு மலையில் வேறு வேலை இல்லை. வகுத்து முடிப்பதற்குள் கரியாலூர் வந்துவிட்டது. வயிற்றை மறந்தே போயிருந்தேன்.

அன்றிலிருந்து அதுவே என் மருந்து. மலை ஏறினால் டிக்கெட் மெஷின் மக்கர் பண்ணும் என்பதால் அந்த வண்டியில் பழைய தாள் டிக்கெட்டுகள்தான். பெண்களுக்கு இலவசப் பயணமும் எங்கள் வண்டிக்கு அப்போது வந்திருக்கவில்லை. ஆகவே தினமும் காலையில் ஆறு இலக்கத்தில் புதிதாக ஓர் எண் கிடைக்கும்.

ஒருநாள் யாரோ பக்கத்தில் நிற்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். கண்டக்டர்.

"சாமி கும்புடுறீங்களா மேடம்? வாய் முணுமுணுக்குது."

"இல்ல. வகுத்துக்கினு இருக்கன்."

"எத்த?"

"டிக்கெட் நம்பர. 218297."

"இப்ப எதால வகுக்கறீங்க?"

"பதிமூணு."

"ஒன்னு மீதி நிக்கும். பதினேழால போவும், பாருங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மருந்தை வேறொருவர் குடித்துவிட்ட மாதிரி. சரிபார்த்தேன். பதினேழால் மீதியில்லாமல் போனது. மறுநாள் டிக்கெட் வாங்கும்போது, "கண்டக்டர் சார், விடைய நீங்க சொல்லாதீங்க," என்றேன். "செரிங்க," என்றார். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானே, "இன்னைக்கு உங்களால முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன்.

தனசேகர் களமருதூர்க்காரர். குத்தகைக்கு நெல் போடுகிற குடும்பம். கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, கண்டக்டர் வேலை முதலில் வந்ததால் இதில் சேர்ந்துவிட்டார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "தினமும் எத்தினி எண்ணு என் கை வழியா போவுது தெரியுமா?" என்பார்.

உடைக்கும் விளையாட்டு

விளையாட்டின் விதி ஒன்றுதான். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் அன்றைய எண்ணை உடைக்க வேண்டும்.

பள்ளியில் படித்ததுதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாதது பகா எண். மற்றவை பகு எண்கள். ஒரு பகு எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குள் சில பகா எண்கள் பெருகிக் கிடக்கும். அதே பகா எண்கள்தான். வேறு எந்தக் கூட்டத்தைப் பெருக்கினாலும் அந்த எண் வராது. இதைக் கல்லூரியில் தேற்றமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு அழகு இருக்கிறது என்று தோன்றியது மலைப் பேருந்தில்தான்.

சில எண்கள் பாவம், பார்த்ததுமே உடைந்துவிடும். 356356 என்று ஒருமுறை வந்தது. மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வந்தால் ஏழாலும் போகும், பதினொன்றாலும் போகும், பதிமூன்றாலும் போகும். எந்த மூன்று இலக்கமானாலும் சரி. நீங்களும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

சில எண்கள் பிடிவாதக்காரர்கள். உள்ளே இரண்டே இரண்டு பெரிய பகா எண்கள் மட்டும் இருக்கும். கீழேயிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனால் மாளாது. இப்போது நம் கைபேசியில் பணம் அனுப்புகிறோமே, அதைக் காக்கும் பூட்டுகளில் ஒரு வகை இந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் இருக்கிறது. மிகப் பெரிய இரண்டு பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்ததைத் திரும்ப உடைப்பது பெரிய கணினிக்கும் ஆகாத வேலை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ரொம்பப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் பூட்டு உடனே திறந்துகொள்ளும்.

எங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. டிக்கெட் கொடுக்க இரண்டு நிமிடம், விடை கேட்க இரண்டு நிமிடம், இறங்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் என்று பக்கத்தில் பக்கத்தில் நின்று, கடைசியில் எங்களைத் தவிர வண்டியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. டிரைவர் அண்ணன்தான் ஒருநாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "ஏம்பா, வகுத்தல் எல்லாம் முடிஞ்சிட்டுதா, இன்னும் கீதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்களும் எங்களுக்குத் தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை.

தோசைக் கல் காய்ந்த இரவு

வீட்டில் நானே சொன்னேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலை, ஊர், குடும்பம், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குத்தகைக் குடும்பம் என்றதற்கு, "அதனால இன்னா, நானும் நாலு ஏக்கரா குத்தகைல பாத்தவன்தான்," என்றார். எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

"பொறந்த தேதி இன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் ஜாதகம் வரும். "இருபத்தாறு," என்றேன்.

கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய்க் கை கழுவினார். அடுத்த தோசை கல்லிலேயே கருகியது.

நான் பேசாத பேச்சில்லை. எண்ணுக்குக் கண்ணா இருக்கிறது, மூக்கா இருக்கிறது, பிறந்த தேதி நம்மைக் கொல்லுமா என்றெல்லாம் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "உனுக்குத் தெரியாதும்மா. நான் பாத்தவன்," என்றார். கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பயந்து நிற்கிற அப்பாவோடு எப்படிச் சண்டை போடுவது?

"அந்தத் தம்பிகிட்ட நானே வந்து பேசறன். தப்பா நெனைக்க மாட்டாரு," என்றார். அதற்குத்தான் அன்று காலை என்னோடு பேருந்து ஏறினார்.

கரியாலூர் டீக்கடை

வளைவுகள் முடிந்து கரியாலூர் வந்தபோது நான் அறுபத்தொன்று வரை வகுத்திருந்தேன். 504019 அசையவில்லை. பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று என் மனமும் கணக்கில் இல்லை.

அங்கே வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். டீக்கடையில் அப்பா மூன்று டீ சொன்னார். மலைக்காரர்கள் சாலையோரம் சாமை காயப் போட்டிருந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா ஆரம்பித்தார்.

"தம்பி, உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. பாத்தாலே தெரியுது. ஆனா எங்க வூட்டுல ஒரு எட்டு கீது. நீங்களும் எட்டு. எங்கண்ணன நான் அப்பிடித்தான் வுட்டன். என் பொண்ணு செல்வியயும் வுட முடியாது. என்ன மன்னிச்சிக்கங்க."

கும்பிடவே போய்விட்டார். தனசேகர் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க டிக்கெட்ட கொஞ்சம் எடுங்க," என்றார் தனசேகர்.

"எதுக்கு? நல்ல நம்பருங்க அது. ஒன்னு. வச்சிக்கலாம்னு கீறன்."

"தெரியும்ங்க. நேத்து சாயந்தரம் கட்ட முடிக்கிறப்பவே பாத்தன். இந்த வெலக் கட்டுல இன்னைக்கு மொத டிக்கெட்டு அதுதான். செல்வி கையில குடுக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தன். நீங்க வாங்கிட்டீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "உடைச்சிட்டியா?"

"இது உடையாது. பகா எண்."

"கீழருந்து ஏறாத. மேலருந்து ஒரு படி எறங்கு. எழுநூத்திப்பத்த வர்க்கம் பண்ணு."

எழுநூற்றுப் பத்தின் வர்க்கம் 504100. அதிலிருந்து 504019 போனால் 81. எண்பத்தொன்று ஒன்பதின் வர்க்கம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சூத்திரம்தான்: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் ஒருமுறை கழித்து, ஒருமுறை கூட்டி, இரண்டையும் பெருக்கினால் போதும். 710-இல் ஒன்பது போனால் 701. ஒன்பது சேர்ந்தால் 719. இரண்டும் பகா எண்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் மாட்டிக்கொண்டன.

"எழுநூத்தி ஒன்னு, எழுநூத்திப் பத்தொம்போது," என்றேன். சொல்லும்போதே அவர் எதற்காக இதைச் செய்கிறார் என்று புரிந்துவிட்டது.

தனசேகர் தன் கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து அப்பாவிடம் நீட்டினார். "நீங்களே பெருக்கிப் பாருங்க."

அப்பா ஒவ்வோர் எண்ணாக அழுத்திப் பெருக்கினார். 504019 வந்தது. டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இப்ப அந்த ரெண்டையும் தனித்தனியா கூட்டுங்க."

"ஏழும் ஒன்னும் எட்டு." விரலை மடக்கினார். "ஏழு, எட்டு, பதினேழு. பதினேழுன்னா..." நிறுத்திவிட்டார். மறுபடியும் முதலிலிருந்து கூட்டினார். மறுபடியும் அதேதான் வந்தது.

"ஒன்னுக்குள்ள ரெண்டு எட்டா? இத யாரு வச்சது?"

"யாரும் வைக்கலீங்க. அது அப்பிடித்தான்."

அப்பா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்: "இது இந்த ஒரு நம்பருக்கு மட்டுமா தம்பி, எல்லா எட்டுக்குமா?"

நான் மூன்று வருடம் கணிதம் படித்தேன். ஒரு நாளாவது அப்படி ஒரு கேள்வி கேட்டதாக நினைவில்லை. அந்த நிமிடம் அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சரி என்றோ கூடாது என்றோ அவர் சொல்லவில்லை. அதே வண்டி திரும்பும்போது அதிலேயே மலை இறங்கிப் போனார். புது டிக்கெட்டைக் கூட்டிப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் பழைய டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். தனசேகர் பிற்பாடு சொன்னார்.

கம்மியும் கம்மியும்

அதற்குப் பிறகு எங்கள் கழனியில் ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்தது. மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அப்பா எட்டுகளைப் பெருக்க ஆரம்பித்தார். பதினேழை இருபத்தாறால். முப்பத்தைந்தை நாற்பத்துநான்கால். ஐம்பத்துமூன்றை அறுபத்திரண்டால். எங்காவது ஒன்று மாட்டாதா என்று பார்த்தார். ஒன்றும் மாட்டவில்லை. எல்லாம் ஒன்றிலேயே போய் முடிந்தன.

ஒரு சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு போனபோது, "ஏம்மா இப்பிடி வருது?" என்று கேட்டார்.

"கூட்டிப் பாக்கறதுன்னா ஒம்பதால வகுத்து மீதி பாக்கறதுதாம்பா. எட்டுன்னா ஒம்பதுக்கு ஒன்னு கம்மி. கம்மிய கம்மியால பெருக்குனா கம்மி போயிடும். ஒன்னு மிஞ்சும்."

வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் கைபேசியை எடுத்தார். முதலில் இருபத்தாறு. பெருக்கல். அதற்குப் பிறகு ஒரு நான்கு இலக்க எண்ணை, எங்கும் பார்க்காமல், மனப்பாடமாக அழுத்தினார். அது பெரியப்பாவின் வண்டி எண் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

விடையைக் கூட்டினார். ஒன்று.

"இதுவும் ஒன்னுதான் வருது," என்றார்.

"ஆமாம்பா."

"பின்ன அவன் ஏன் செத்தான்?"

அந்தக் கேள்விக்குக் கணக்கில் பதில் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். "டிரெய்லர்ல பின்னாடி லைட்டு இல்லப்பா. மழை வேற."

இதை யாரும் அவரிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. இத்தனை வருடம் எல்லாரும் எட்டைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அண்ணனுக்கு அந்த நம்பர் வண்டியை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று அவர் அத்தனை வருடமும் சுமந்திருக்கிறார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "லைட்டு இல்ல," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, லைட்டு இல்ல," என்றார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனது.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போய், எங்கள் டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும், அகலமாக மின்னும் பட்டைகளும் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "அந்தத் தம்பி வூட்டுல எப்ப வரலாம்னு கேளு," என்றார்.

எண்ணுக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை என்று நான் இன்றும் சொல்கிறவள்தான். 701-உம் 719-உம் யாருடைய கல்யாணத்தைப் பற்றியும் கவலைப்படுவதில்லை. ஆனால் அப்பா எந்தக் கதவு வழியாகப் பயத்துக்குள் போனாரோ, அந்தக் கதவு வழியாகத்தான் அவரால் வெளியே வர முடிந்தது. வேறு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

மூன்றாவது எட்டு

மண்டபம் பார்க்கத் திருக்கோவிலூர் போன அப்பா வெற்றி முகத்தோடு திரும்பி வந்தார். "பதினேழாந்தேதி காலியா கீதாம். முன்பணம் குடுத்துட்டன்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பதினேழுங்க."

"தெரியும். எட்டுதான். இப்ப இன்னா அதுக்கு?"

அம்மா சந்தோஷத்தில் சர்க்கரை டப்பாவை எடுக்க உள்ளே ஓடினார். நான் மட்டும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். இரண்டு எட்டு பெருகினால் ஒன்று. மூன்று எட்டு பெருகினால்? எட்டெட்டு அறுபத்துநான்கு, மறுபடியும் எட்டால் பெருக்கினால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்தும் ஒன்றும் இரண்டும் எட்டு. சுற்றிக்கொண்டு வந்து அங்கேயே நின்றுவிடும்.

தனசேகருக்குப் போன் போட்டேன். "மூணு ஆயிடுச்சி," என்றேன். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "பேசாம இரு," என்றார். தாலி கட்டி முடிக்கும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.

களமருதூர் வந்த மறுநாள் காலை. மாமியார் வீட்டுப் பின்கட்டில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரே நாற்று நட்ட வயல், தண்ணீர் நிறைய நின்றது. கைபேசி அடித்தது. அப்பா.

"இன்னாம்மா, எழுந்துட்டியா?"

"எழுந்துட்டன்பா."

மோட்டார் கொட்டகையிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. தண்ணீர் விழுகிற ஓசை கேட்டது.

"சும்மா பெருக்கிப் பாத்துக்கினு இருந்தன். மூணு எட்டுன்னா மறுபடியும் எட்டு வருதே."

எனக்கு வாயில் நுரை. துப்பவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. எப்படியோ துப்பிவிட்டு, "ஆமாம்பா," என்றேன்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்பா."

"அவருக்கு?"

"அவருக்கும் தெரியும்."

மறுபடியும் தண்ணீர் ஓசை மட்டும். நான் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"செரி, அது கெடக்குது வுடு," என்றார் அப்பா. "ரெண்டு பேரும் இன்னா சாப்ட்டீங்க?"